நாலு சக்கரம், ரெண்டு சென்சார்: பழைய ஜெர்மன் காரோட பிரேக்கை எப்படிப் பார்க்கிறது?

இந்த எபிசோட் கார் வாங்குறதைப் பத்தி இல்லை. வாங்கின காரை நிறுத்துறதைப் பத்தி.

செகண்ட் ஹேண்ட் கார் எபிசோடுக்கு அப்புறம் வந்த வாய்ஸ் நோட்டுகள்ல பாதிக்கு மேல ஒரே கேள்விதான். "ப்ரோ, எட்டு வருஷம் பழைய பி.எம்.டபிள்யூ ஒண்ணு, புது ஹேட்ச்பேக் விலைக்கு வருது. ஊர்ப்பக்கம் வச்சு ஓட்ட முடியுமா?" ஆடி, பென்ஸுன்னு பேரை மாத்திப் போட்டா மத்த வாய்ஸ் நோட்டும் அதேதான். கேட்டவங்க நிறையப் பேர் சென்னையிலயும் பெங்களூர்லயும் வேலை பார்க்கிறவங்க. ஆனா கார் நிக்கப்போறது பெரம்பலூர்ல, அரியலூர்ல, ஜெயங்கொண்டத்துல, அப்பா அம்மா வீட்டு வாசல்ல. எனக்கும் அந்தப் பக்கம்தான் ஊர். அதனால இந்தக் கேள்வியை நான் தள்ளிவிட முடியாது.

வாங்கலாமா வேண்டாமான்னு நான் சொல்லப்போறதில்லை. இந்த மாதிரி காரோட பிரேக்கை யார் பார்க்கணும், என்ன பார்க்கணும், மாத்தும்போது என்ன கேட்கணும், அது மட்டும் பேசுவோம்.

முதல்ல நம்ம ரோடு. பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. ரயில் ஏறணும்னா அரியலூர் போகணும், இல்லைன்னா திருச்சி. அதனால கல்யாணம், ஆஸ்பத்திரி, காலேஜ் அட்மிஷன், எல்லாமே ரோடுதான். பழைய என்.எச். 45, சென்னையிலிருந்து திருச்சி போற ரோடு, ஊரை ஒட்டிப் போகுது. இதுல ஒரு வேடிக்கை இருக்கு. பி.எம்.டபிள்யூ இந்தியாவுல கார் அசெம்பிள் பண்ற தொழிற்சாலை செங்கல்பட்டு பக்கம், மஹிந்திரா வேர்ல்ட் சிட்டி பகுதியில இருக்கு. 2007-ல ஆரம்பிச்சது. அதே ஜி.எஸ்.டி. ரோட்டைப் பிடிச்சு தெற்கே வந்துக்கிட்டே இருந்தா பெரம்பலூர் வந்துடும். கார் பொறந்த இடமும் நம்ம ஊரும் ஒரே ரோட்டுலதான். ஆனா அந்தக் காரைப் பத்தித் தெரிஞ்ச கை இந்த ரோட்டுல எங்கே இருக்குன்னு நாமதான் தேடணும்.

அரியலூர்ப் பக்கம் கதை வேற. அது சிமெண்ட் ஊர். சுண்ணாம்புக்கல் ஏத்தின லாரி, சிமெண்ட் லாரி, ரோட்டோரம் வெள்ளையா படிஞ்ச தூசி. அங்கே நூறுல வந்து முப்பதுக்குக் குறைக்கிறது, மறுபடி எண்பது, மறுபடி முப்பது, இதுதான் ஓட்டம்.

ஒரு சின்னக் கணக்கு

ஆட்களோட சேர்த்து ரெண்டு டன் எடையுள்ள ஒரு கார் 100 கி.மீ. வேகத்துல போகுதுன்னு வைங்க. அதுல இருக்கிற இயக்க ஆற்றல் சுமார் 770 கிலோஜூல். இதை வீட்டுக் கணக்குல சொன்னா, இரண்டரை லிட்டர் குழாய்த் தண்ணியைக் கொதி வர வைக்கிற சூடு. அடுப்புல அதுக்குப் பல நிமிஷம் ஆகும். நீங்க அழுத்தி பிரேக் பிடிச்சா, நாலு டிஸ்க்கும் எட்டு பேடும் சேர்ந்து அந்த வேலையை நாலைஞ்சு செகண்டுல முடிக்கணும். வேகம் பாதியா இருந்தா, அதாவது 50-ல போனா, சூடும் பாதி ஆகும்னு நினைக்காதீங்க. கால் பங்குதான். ஊருக்குள்ள நல்லாப் பிடிக்கிற பிரேக், ஹைவேயில கைவிடுறதுக்கு இந்தக் கணக்குதான் காரணம்.

ஐரோப்பிய கார்ல பேடோட சேர்மானமே வேற. பெரும்பாலும் ஓரளவு எஃகு இழை கலந்த பேட். அதிவேகத்துல, அதிக சூட்டுல பிடிமானம் குறையக் கூடாதுங்கிறதுக்காகச் செஞ்சது. அதுக்கு நாம கொடுக்கிற விலை ரெண்டு. ஒண்ணு, அலாய் வீல்ல படியுற கறுப்புத் தூள். கழுவின மறுவாரமே வந்துடும், அது கோளாறு இல்லை. ரெண்டாவது, பேட் தேயும்போது டிஸ்க்கும் கூடவே தேயும். நம்ம சாதாரண சின்னக் கார்ல டிஸ்க் ரொம்ப நாள் வரும். இங்கே பேட் ரெண்டு முறை மாத்துறதுக்குள்ள டிஸ்க்கையும் மாத்த வேண்டியிருக்கும்னு மனசுல வச்சுக்கங்க. பழைய காரை வாங்கும்போது பேரம் பேசுற விலையில இதையும் சேர்க்கணும்.

டேஷ்போர்டு சொன்ன 14,000

எங்க மாமா அரியலூர்ல இருக்கார். வளைகுடாவுல பதினெட்டு வருஷம் உழைச்சுட்டு வந்தவர். போன வருஷம் ஒன்பது வருஷப் பழைய ஜெர்மன் டீசல் செடான் ஒண்ணு வாங்கினார். பந்தாவுக்கு இல்லை. அத்தைக்கு மூணு வாரத்துக்கு ஒருமுறை திருச்சி ஆஸ்பத்திரியில கீமோ. கீழப்பழுவூர், கல்லக்குடி வழியா போய்ட்டு இருட்டினப்புறம் திரும்புவாங்க. திரும்பும்போது அத்தை பின்சீட்ல சாய்ஞ்சு படுத்துத்தான் வருவாங்க. கார் குலுங்காம போகணும், அதுக்காக வாங்கின கார்.

பிரேக் அடிச்சா ஸ்டீயரிங் லேசா இடது பக்கம் இழுக்குதுன்னு மாமா ஒருநாள் போன்ல சொன்னார். ஆனா அவருக்குக் கவலை இல்லை. ஏன்னா டேஷ்போர்டுல பார்த்திருக்கார்: முன் பிரேக், இன்னும் 14,000 கி.மீ. பாக்கின்னு காட்டுது. "ஜெர்மன்காரன் கம்ப்யூட்டர்டா, நம்மளை விட அதுக்குத் தெரியும்"னார்.

நான் லீவுல போனப்போ பெரம்பலூர்ல நான்கு ரோடு பக்கம் ஒரு மெக்கானிக் அண்ணன்கிட்ட காட்டினோம். லாரி ஏர் பிரேக்ல தொழில் கத்துக்கிட்டு அப்புறம் காருக்கு வந்தவர். மாமா வண்டியை விட்டு இறங்கும்போதே அந்த 14,000-ஐச் சொன்னார். அண்ணன் ஸ்க்ரீனைப் பார்க்கவே இல்லை. "சார், அது ஒரு சக்கரத்தைப் பத்திச் சொல்லுது. நாலையும் கழட்டாம நான் வாயைத் திறக்க மாட்டேன்"னார்.

கழட்டினார். வெர்னியர் வச்சு அளந்தார். இடது முன் சக்கரம், உள்பக்க பேட் 6 மி.மீ. நல்லாவே இருக்கு. வலது முன் சக்கரம், வெளிப்பக்க பேட் 7 மி.மீ. அதே சக்கரத்தோட உள்பக்க பேட் 2 மி.மீ. கூட இல்லை.

காலிப்பர் ரெண்டு பின்னுல முன்னும் பின்னும் நகரணும். அந்தப் பின்னை மூடுற ரப்பர் கிழிஞ்சு, தூசியும் ஈரமும் உள்ளே போய், பின் இறுகிடுச்சு. காலிப்பர் நகரலை. அதனால உள்பக்க பேட் மட்டும் அழுந்தி அழுந்தித் தேய்ஞ்சிருக்கு, வெளிப்பக்கம் சும்மா உட்கார்ந்திருக்கு. வலது பக்கம் பிடிமானம் குறைஞ்சதால கார் இடது பக்கம் இழுத்திருக்கு. மாமா கால்ல உணர்ந்ததுதான் சரியான தகவல்.

அப்போ டேஷ்போர்டு பொய் சொல்லுச்சா? இல்லை. சென்சார் இருந்தது இடது முன் சக்கரத்துல. அந்தச் சக்கரத்தைப் பத்தி அது சொன்னது உண்மை. மீதி சக்கரத்தைப் பத்தி அதுகிட்ட யாரும் கேட்கவும் இல்லை, அதுக்குத் தெரியவும் தெரியாது.

சென்சார் எப்படி வேலை செய்யுது

ஐ.டி.யில இருக்கிறவங்களுக்கு இது உடனே புரியும். நாலு சர்வர் ஓடுது, ஒண்ணுல மட்டும் அலர்ட் வச்சிருக்கோம், அது பச்சையா இருக்கு. அதனால நாலும் பச்சைன்னு யாராவது ரிப்போர்ட் அனுப்புவோமா?

பேட் சென்சார்ங்கிறது ரொம்ப எளிமையான பொருள். பேடுக்குள்ள சொருகின ஒரு சின்ன பிளாஸ்டிக் முனை, அதுக்குள்ள மெல்லிய கம்பி. பேட் தேய்ஞ்சு குறிப்பிட்ட அளவுக்கு வந்ததும் கம்பி டிஸ்க்குல உரசி அறுந்துபோகும். சர்க்யூட் துண்டாகும், விளக்கு எரியும். பி.எம்.டபிள்யூ கார்கள்ல வழக்கமா முன்னாடி இடது சக்கரத்துல ஒண்ணு, பின்னாடி வலது சக்கரத்துல ஒண்ணு. நாலு சக்கரத்துக்கு ரெண்டு. அவங்களோட பல மாடல்கள்ல ரெண்டு கட்டமா அறுந்துபோற சென்சார் இருக்கும். அதை வச்சும், நீங்க ஓட்டுற விதத்தை வச்சும் "இன்னும் இவ்வளவு கிலோமீட்டர்"னு கம்ப்யூட்டர் கணக்குப் போடும். அதாவது அந்த எண் அளந்து பார்த்த எண் இல்லை, கணிச்ச எண். மத்த கம்பெனி கார்கள்ல சென்சார் எத்தனை, எங்கேன்னு மாடலுக்கு மாடல் மாறும்.

இன்னொண்ணு. அறுந்த சென்சார் மறுபடி ஒட்டாது. பேட் மாத்தும்போது சென்சாரும் புதுசு போடணும், அப்புறம் கம்ப்யூட்டர்ல ரீசெட் பண்ணணும். சில இடத்துல காசை மிச்சம் பிடிக்க, அறுந்த வயரை ரெண்டையும் முறுக்கி ஒட்டி விளக்கை அணைச்சுடுவாங்க. பழைய கார் வாங்கும்போது இடது முன் சக்கரத்துப் பின்னாடி போன் டார்ச் அடிச்சுப் பாருங்க. இன்சுலேஷன் டேப் சுத்தின வயர் கண்ணுல பட்டா, அந்த டேஷ்போர்டு பச்சைக்கு மதிப்பே இல்லை.

நீங்களே என்ன பார்க்கலாம்

சக்கரத்தைக் கழட்டாமலே பாதி விஷயம் தெரியும்.

ஒண்ணு, கறுப்புத் தூள். நாலு சக்கரத்தையும் ஒரே நாள் கழுவி விடுங்க. ரெண்டு வாரம் கழிச்சுப் பாருங்க. முன்னாடி ரெண்டுலயும் ஒரே அளவு இருக்கணும், பின்னாடி ரெண்டுலயும் ஒரே அளவு. ஒரு சக்கரம் மட்டும் அதோட ஜோடியை விட ரொம்பக் கறுத்திருந்தா, அங்கே ஏதோ இருக்கு.

ரெண்டு, சூடு. பத்து கிலோமீட்டர் நிதானமா ஓட்டிட்டு நிறுத்துங்க. இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் வச்சு ஒவ்வொரு டிஸ்க்கையும் பாருங்க. கையால தொடாதீங்க. கோவிட் நேரத்துல நெத்தியில காட்டினாங்களே, அது இதுக்கு ஆகாது. அது உடம்புச் சூட்டுக்கு மட்டும். ஹார்டுவேர் கடையில கிடைக்கிற பட்டறை ரகம் வேணும். இடது வலது ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தா, ஒரு காலிப்பர் இறுகியிருக்குன்னு அர்த்தம்.

மூணு, டிஸ்க்கோட விளிம்பு. அலாய் வீல் இடுக்கு வழியா பார்த்தா டிஸ்க்கோட ஓரத்துல ஒரு வரப்பு மாதிரி எழும்பியிருக்கும். வரப்பு எவ்வளவு உயரமோ அவ்வளவு டிஸ்க் தேய்ஞ்சிருக்கு. குறைஞ்சபட்சத் தடிமன் டிஸ்க்குலயே பொறிச்சிருப்பாங்க. உதாரணத்துக்கு, புதுசுல 24 மி.மீ. இருக்கிற டிஸ்க்குக்கு 22.4-தான் எல்லை. ஒண்ணரை மி.மீ. சொச்சம்தான் ஆயுசே. அதனால "லேத்துல ஓட்டி சமப்படுத்திடலாம் சார்"னு யாராவது சொன்னா, ஓட்டினப்புறம் எவ்வளவு மிஞ்சும்னு கேளுங்க.

நாலு, பிரேக் ஆயில் டப்பா. இது நிறையப் பேருக்குத் தெரியாத விஷயம். பேட் தேயத் தேய காலிப்பர் பிஸ்டன் வெளியே வரும், அந்த இடத்தை ஆயில் நிரப்பும், டப்பாவுல அளவு இறங்கும். அதாவது ஆயில் மெல்ல இறங்குறதே பேட் தேய்மானத்தோட ஒரு அறிகுறி. பெட்ரோல் பங்க்லயோ வாட்டர் சர்வீஸ்லயோ "ஆயில் கம்மியா இருக்கு"ன்னு ஊத்தி விட்டா, அந்த அறிகுறி மறைஞ்சுபோகும். அளவு மளமளன்னு இறங்கினா அது கசிவு. அப்போ வண்டியை எடுக்கவே கூடாது.

இவ்வளவும் பார்த்தாலும் உள்பக்க பேட் தெரியாது. மாமா கார்ல தேய்ஞ்சது அதுதானே. அதுக்குச் சக்கரத்தைக் கழட்டியே ஆகணும். 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை, இல்லைன்னா டயர் இடம் மாத்தும்போதெல்லாம், எட்டு பேடையும் அளந்து எழுதித் தரச் சொல்லுங்க. புது பேட்ல உராயும் பகுதி பொதுவா 10 மி.மீ.க்கு மேல இருக்கும். 3-க்கு வந்தா மாத்தணும்.

மாத்தும்போது கேட்க வேண்டியது

சேசிஸ் நம்பர் கொடுத்துத்தான் பேட் வாங்கணும். ஒரே மாடல், ஒரே வருஷம், ஆனா இன்ஜினும் பேக்கேஜும் மாறினா பிரேக் சைஸே மாறும். கம்பெனி டப்பாவுலதான் வாங்கணும்னு இல்லை. ஆனா பேடோட முதுகுல பாருங்க. வட்டத்துக்குள்ள இ-யும் ஒரு எண்ணும், பக்கத்துல 90ஆர்-னு ஆரம்பிக்கிற குறியீடும் இருக்கணும். அது ஐரோப்பாவுல நடைமுறையில இருக்கிற ஐ.நா. விதி எண் 90. மாற்று பேடோட உராய்வு ஒரிஜினல் பேடோட உராய்விலிருந்து 15 சதவீதத்துக்கு மேல விலகக் கூடாதுங்கிறது அதோட சாரம். இ1-னா ஜெர்மனியில அனுமதி வாங்கினது. குறியீடும் போலியா அடிக்க முடியும். அதனால பில் கொடுக்கிற கடையில வாங்குங்க.

ஒரு பக்கம் மட்டும் மாத்தக் கூடாது. முன்னாடின்னா முன்னாடி ரெண்டு சக்கரமும் சேர்த்து. பின்னைச் சுத்தம் பண்ணி, கிழிஞ்ச ரப்பரை மாத்தி, பிரேக்குக்குன்னு இருக்கிற கிரீஸ் போடணும். சாதாரண கிரீஸ் பட்டா ரப்பர் ஊதிப்போய் பின் மறுபடி இறுகும். சக்கரத்தை மாட்டும்போது இம்பாக்ட் கன்னால அடிச்சு முடிக்கக் கூடாது. இந்த ஜெர்மன் கார்கள்ல நட்டு இல்லை, போல்ட்டு. எவ்வளவு இறுக்கணும்ங்கிறது மாடலைப் பொறுத்து மாறும். டார்க் ரெஞ்சுலதான் இறுக்கணும்.

முக்கியமா, வேலை முடிஞ்சதும் வண்டியை நகர்த்துறதுக்கு முன்னாடி பிரேக் பெடலை நாலைஞ்சு தடவை மிதிக்கணும். உள்ளே தள்ளின பிஸ்டன் மறுபடி பேடைத் தொடுற வரைக்கும் பெடல் தரை வரைக்கும் இறங்கும். இதை மறந்து ரிவர்ஸ் எடுத்தா பட்டறைச் சுவர்லதான் போய் நிக்கும்.

பிரேக் ஆயில். அது காத்துல இருக்கிற ஈரத்தை இழுக்கும். டாட் 4 ரகம் புதுசுல குறைஞ்சது 230 டிகிரி வரை கொதிக்காது. சுமார் 3.7 சதவீதம் தண்ணி சேர்ந்துட்டா அந்தக் குறைஞ்சபட்சம் 155. கொதிச்சா குமிழி, குமிழி வந்தா பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும், கார் நிக்காது. ஊருக்குள்ள ஓட்டுற வரைக்கும் இது தெரியவே தெரியாது. பச்சைமலையிலிருந்து இறங்கும்போது தெரியும். பெரும்பாலான ஐரோப்பிய கம்பெனிகள் ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாத்தச் சொல்றாங்க. வண்டி ஓடலைன்னாலும் ரெண்டு வருஷம்தான். வெளிநாட்டுல இருந்துக்கிட்டு ஊர்ல கார் நிறுத்தி வச்சிருக்கிறவங்க இதைக் குறிச்சுக்கங்க.

எங்கே கை வைக்கக் கூடாது

மாமா காருக்குத் திரும்பறேன். முன்னாடி வேலை முழுக்க அந்த அண்ணன் முடிச்சார். பின்னாடி பேடும் சீக்கிரம் மாத்தணும்னு அளந்து சொன்னார். ஆனா தொடலை. அதுல எலெக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக். காலிப்பர்லயே ஒரு மோட்டார் இருக்கும். ஸ்கேனர் வச்சு சர்வீஸ் மோடுக்குக் கொண்டுபோய் மோட்டாரைப் பின்னாடி இழுத்துட்டுத்தான் பிஸ்டனைத் தள்ளணும். சி கிளாம்ப் போட்டு அமுக்கினா மோட்டார் உடையும். "இதுக்கான ஸ்கேனர் என்கிட்ட இல்லை சார். திருச்சியில இருக்கிறவங்ககிட்ட போங்க"ன்னார். மாமா, "தம்பி, நீங்களே எப்படியாவது பண்ணிடுங்க"ன்னு கெஞ்சினார். அவர் அசையலை.

இன்னும் பழைய கார்னா இதைவிட ஆபத்தும் உண்டு. 2002-ல வந்த மெர்சிடஸ் இ-கிளாஸ், டபிள்யூ211 தலைமுறைன்னு சொல்வாங்க, அதோட முதல் சில வருஷ கார்கள்ல சென்சோட்ரானிக்னு ஒரு பிரேக் அமைப்பு. மின்சார பம்ப் வச்சு அழுத்தம் கொடுக்கும். 2004-ல பென்ஸ் இந்த அமைப்புக்காக உலகம் முழுக்க சுமார் 6,80,000 கார்களைத் திரும்ப அழைச்சது. பட்டறையில இதோட சிக்கல் என்னன்னா, கதவைத் திறந்தாலோ ரிமோட்டை அமுக்கினாலோ அந்த அமைப்பு தானா முழிச்சுக்கிட்டு பேடை அழுத்தும். ஸ்கேனர்ல அதை முடக்காம காலிப்பருக்குள்ள விரல் வச்சா, விரல் போயிடும். இருபது வருஷப் பழைய பென்ஸ் மலிவா வருதேன்னு பார்க்கிறவங்க இதைத் தெரிஞ்சுக்கிட்டுப் போங்க.

நல்ல மெக்கானிக் யாருன்னு என்கிட்ட கேட்டா, நான் ரெண்டே விஷயம் பார்ப்பேன். அளக்காம பேசுறாரா? தன்னால முடியாததை முடியாதுன்னு சொல்றாரா? பளபளன்னு ஏ.சி. போட்ட சர்வீஸ் சென்டர்லயும் இதைத்தான் கேட்பேன், தகரக் கொட்டகையிலயும் இதைத்தான் கேட்பேன்.

இதுல நம்ம ஊருக்கு ஒரு பலம் இருக்கு. 1962-ல சென்னை பாடியில சுந்தரம் கிளேட்டன் ஆரம்பிச்சு லாரிக்கு ஏர் பிரேக் செய்ய வந்தாங்க. அதே வருஷம் பிரேக்ஸ் இந்தியா. ரெண்டு வருஷம் கழிச்சு ரானே பிரேக் லைனிங். பிரேக் செய்யற தொழில் தமிழ்நாட்டுல அறுபது வருஷத்துக்கு மேல இருக்கு. அரியலூர், பெரம்பலூர்ல லோடு லாரியோட பிரேக்கைப் பார்த்துப் பழகின கைகள் நிறைய. லோடு லாரி நிக்கலைன்னா என்ன ஆகும்னு அவங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. இப்போ குறைச்சல் ஸ்கேனரும் டார்க் ரெஞ்சும்தான். நம்ம ஊர்ல இன்ஜினியரிங் முடிச்சுட்டு வேலை தேடுற தம்பிகள், தங்கைகள் இருந்தா இதைக் கொஞ்சம் யோசிங்க. அந்த மாதிரி ஒரு அண்ணனோட கை, உங்களோட லேப்டாப், ஒரு நல்ல ஸ்கேனர். திருச்சிக்குப் போற ஒரு கார் கூட்டத்தை இங்கேயே நிறுத்தலாம்.

கடைசியா ஒரு வேலை தர்றேன். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, அப்பாவோட கார் எந்தக் கம்பெனியா இருந்தாலும் சரி, சக்கரத்தைக் கழட்டி எட்டு பேடோட அளவையும் ஒரு பேப்பர்ல எழுதி வாங்குங்க. பின்னாடி டிரம் பிரேக்னா டிரம்மைக் கழட்டி லைனிங்கை அளக்கச் சொல்லுங்க. தேதி, கிலோமீட்டர் போட்டு டேஷ்போர்டு டிராயர்ல வைங்க. அப்பா ஸ்க்ரீனைக் காட்டி "இன்னும் இருக்குடா"ன்னு சொன்னா, "எந்தச் சக்கரத்துலப்பா?"ன்னு கேளுங்க.

கேள்வி இருந்தா வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோட் டயர்: பக்கவாட்டுல பொறிச்சிருக்கிற நாலு இலக்கத்தை எப்படிப் படிக்கிறதுன்னு பார்ப்போம். பார்த்து ஓட்டுங்க.